எச்சரிக்கை விளக்கு இல்லாத பதினெட்டு ஆண்டுகள்: இந்தியக் கார்களில் வினையூக்கி மாற்றியின் வரலாறு

1995 ஏப்ரல் 1 அன்று தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் ஒரு புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அந்நகரங்களில் விற்பனையாகும் புதிய பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதும், அக்கார்களுக்கு ஈயமற்ற பெட்ரோல் கிடைக்க வழிசெய்யப்பட வேண்டும் என்பதும் அவ்விதியின் சாரம். பட்டறைகளில் 'கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்' என்று வழங்கும் அக்கருவி, எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே, காரின் அடியில் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் அமர்ந்திருக்கும் ஓர் எஃகுக் கூடு. அதற்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாகப் பரவியிருக்கும்.

இந்தியச் சுற்றுச்சூழல் வரலாற்றை எழுதுவோர் இந்நாளை நீதிமன்றத்தின் வெற்றியாகவே குறிப்பிடுகின்றனர். அது தவறன்று. எனினும் அவ்வரலாற்றில் ஒரு கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பொருத்திய கருவி பழுதானால் அதை யார், எதைக்கொண்டு கண்டறிவார்? மாற்றி செத்துப்போன காரும் ஓடும். உரிமையாளருக்கு எந்தக் குறையும் தெரியாமல் பல ஆண்டுகள் ஓடும். பிரேக் பழுதானால் ஓட்டுநருக்குத் தெரியும். மாற்றி பழுதானால் பாதிக்கப்படுபவர் சாலையோரம் நடந்து செல்பவர். ஆகவே இக்கருவியைப் பொறுத்தவரை, பழுதைக் கண்டறியும் ஏற்பாடும் கருவியின் ஒரு பகுதியே. இந்தியச் சட்டம் கருவியை 1995-இல் கட்டாயமாக்கியது. அதன் செயல்திறனைக் காரே தொடர்ந்து கண்காணித்து ஓட்டுநருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை 2013-இல்தான் கட்டாயமாக்கியது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளே இக்கட்டுரையின் பொருள்.

கருவியும் அதன் நஞ்சும்

யூஜின் ஹௌட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கச்சா எண்ணெயை வினையூக்கிகளின் துணையால் பிளந்து உயர்தரப் பெட்ரோல் எடுக்கும் முறையை உருவாக்கிப் புகழ்பெற்றவர். அமெரிக்காவில் குடியேறிய அவர், பின்னாளில் அதே பெட்ரோல் எரிந்து வெளிவிடும் புகையை வினையூக்கியாலேயே தூய்மை செய்ய முற்பட்டார். 1956-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் கார்களில் அதைப் பயன்படுத்த இயலவில்லை. காரணம், அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம். எஞ்சினில் இடிப்பொலி எழாதிருக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கும் வழக்கம் 1920-களில் தொடங்கியது. அந்த ஈயம் புகையோடு வந்து உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. வேதியியலார் இதனை வினையூக்கி நஞ்சூட்டம் என்பர்.

அமெரிக்காவில் 1970-இன் தூய காற்றுச் சட்டம் புகை வரம்புகளைக் கடுமையாக்கியபோது, மாற்றி இன்றி அவ்வரம்பை எட்டுவது கடினமாயிற்று. மாற்றி வேண்டுமானால் ஈயமற்ற பெட்ரோல் வேண்டும். எனவே பெரிய பெட்ரோல் நிலையங்கள் ஒரு வகையேனும் ஈயமற்ற பெட்ரோல் விற்க வேண்டும் என்ற விதி 1974 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மாற்றி பொருத்திய கார்கள் 1975 மாடல்களாக அதன்பின் வந்தன. பழைய பெட்ரோல் குழாயின் மூக்கு நுழையாதவாறு புதிய கார்களின் தொட்டி வாய் குறுக்கப்பட்டது. அப்படியிருந்தும் தொட்டி வாயை அகலப்படுத்தி ஈயப் பெட்ரோல் நிரப்பியோர் அங்கும் இருந்தனர். அத்தகைய மீறல்களைக் கணக்கெடுக்க அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை ஆய்வுகளே நடத்தியது. முதலில் எரிபொருள், பின்னர் கருவி, அதன்பின் கண்காணிப்பு என்ற வரிசையை இங்கு நினைவில் கொள்வது நன்று.

தொடக்ககால மாற்றிகள் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பன்களையும் மட்டும் எரித்தன. நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சேர்த்து மூன்றையும் ஒரே கூட்டில் மாற்றும் மும்முனை மாற்றிக்கு இன்னொரு துணை தேவைப்பட்டது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டியே கலவை அமைந்தால்தான் மூன்று வினைகளும் ஒருங்கே நிகழும். இவ்விகிதத்தைக் காக்கப் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி ஒன்றைப் பொருத்தி, அது தரும் குறிப்பின்படி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டை வோல்வோ நிறுவனம் 1977 மாடல் கார்களில் கொண்டுவந்தது. அன்று முதல் மாற்றி என்பது தனித்த ஒரு பொருளன்று. உணரி, கணினி, எரிபொருள் செலுத்தி ஆகியவற்றோடு பிணைந்த ஓர் அமைப்பின் கடைசி உறுப்பு.

நீதிமன்றத்தின் வழியே வந்த கருவி

இந்தியாவில் இக்கதை தொழிற்சாலையில் தொடங்கவில்லை. வழக்கு மன்றத்தில் தொடங்கியது. தில்லியின் வாகனப் புகை குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். அவ்வழக்கில் 1991-இல் நீதிபதி கே.என். சைக்கியா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஈயமற்ற பெட்ரோலுக்கும் மாற்றிக்கும் நாள் குறித்த ஆணைகள் அவ்வழக்கின் தொடர்ச்சியாக வந்தவை. அரசும் எண்ணெய் நிறுவனங்களும் கார் உற்பத்தியாளர்களும் தாமாக எடுத்திராத வேகத்தை நீதிமன்றம் கட்டளையாகப் பிறப்பித்தது.

எரிபொருளில் நிகழ்ந்த மாற்றம் உண்மையிலேயே பெரிது. லிட்டருக்கு 0.56 கிராம் வரை அனுமதிக்கப்பட்டிருந்த ஈயம், 1994-இல் நான்கு பெருநகரங்களில் 0.15 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1995-இல் வந்த ஈயமற்ற பெட்ரோலுக்கு உச்ச வரம்பு 0.013 கிராம். 1998 செப்டம்பரில் தில்லியில் ஈயப் பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு நஞ்சு நகரக் காற்றில் சேர்வதற்கான மிகப்பெரிய வழி ஆறே ஆண்டுகளில் அடைக்கப்பட்டது. மாற்றி வேறு எதையும் சாதிக்காமல் போயிருந்தாலும், ஈயத்தை வெளியேற்றக் காரணமாக இருந்த ஒன்றுக்காகவே அது நினைக்கத்தக்கது.

ஆனால் 1995-க்கும் 2000-க்கும் இடையில் ஒரு நிலவியல் சிக்கல் இருந்தது. விதி நகரத்துக்கு உரியது. கார் நகரத்துக்குள் நிற்பதன்று. தில்லியில் வாங்கிய கார் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் உத்தரப் பிரதேசத்தின் சிற்றூர்களுக்குச் செல்லும். வழியில் கிடைத்த பெட்ரோலை நிரப்பும். லிட்டருக்கு 0.15 கிராம் ஈயம் உள்ள பெட்ரோலை 30 லிட்டர் தொட்டியில் நிரப்பினால் உள்ளே செல்லும் ஈயம் 4.5 கிராம். சிறிய காரின் மாற்றியில் உள்ள அரிய உலோகங்களின் மொத்த எடையே சில கிராம்தான். ஈயம் முழுவதும் அங்கே தங்கிவிடுவதில்லை என்றாலும், சில பயணங்களில் மாற்றியின் ஆற்றல் பெரிதும் குன்றப் போதுமானது. கந்தகத்தால் நேரும் மந்தம் உயர் வெப்பத்தில் ஓரளவு நீங்கும். ஈயத்தால் நேரும் இழப்போ பெரும்பாலும் மீளாதது. அமெரிக்காவில் எரிபொருள் கருவிக்கு முன்னே சென்றது. இந்தியாவில் நான்கு தீவுகளில் மட்டும் கருவியும் எரிபொருளும் சேர்ந்து வந்தன. தீவுகளுக்கு இடைப்பட்ட நிலம் முழுவதும் அக்கருவிக்கு நஞ்சாகவே இருந்தது.

கார்புரேட்டர் காலத்துப் பட்டறை

இரண்டாவது சிக்கல் எஞ்சினில் இருந்தது. 1995-இல் இந்தியச் சாலைகளில் ஓடிய சிறிய கார்களுள் பெரும்பாலானவை கார்புரேட்டர் வழியே பெட்ரோல் பெற்றவை. அவற்றிலேயே மாற்றியும் பொருத்தப்பட்டது. ஆக்சிஜன் உணரியின் பின்னூட்டம் இல்லாததால் கலவை விகிதத்தை நொடிக்கு நொடி திருத்த வழியில்லை. கார்புரேட்டரின் திருகு சற்றே கூடுதலாகத் திறந்திருந்தாலும், சோக் இழுத்தபடி இருந்துவிட்டாலும், காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும், எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் வந்து எரியும். அப்போது உட்கட்டியின் வெப்பம் இயல்பான அளவைக் கடந்து ஏறும். உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து பரப்பு குறையும். வெப்பம் 1400 பாகை செல்சியசுக்கு மேல் சென்றால் பீங்கானே உருகி வழியை அடைத்துவிடும்.

அன்றைய மெக்கானிக்குக்கு இதைக் கண்டறிய இருந்த கருவிகள் எவை? அவருடைய மூக்கு, செவி, கை; அதிகம் போனால் ஒரு வெற்றிட அளவி. முட்டை அழுகல் நாற்றம் வீசினால் கலவை மிகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். பெட்ரோலின் கந்தகம் மாற்றியில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுவதே அந்நாற்றம். ரப்பர் சுத்தியலால் கூட்டைத் தட்டும்போது உள்ளே கலகலவென்று ஒலித்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. ஏற்றத்தில் பிக்கப் இல்லை, வேகம் கூட்டினால் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது என்றால் வழி அடைந்திருக்கலாம். எஞ்சினின் சுழற்சியை உயர்த்தி அப்படியே நிறுத்தும்போது உறிஞ்சு குழாயின் வெற்றிட அளவு மெல்ல மெல்லச் சரிந்தால் அவ்வையம் உறுதிப்படும்.

இவை அனைத்தும் மாற்றி உடைந்ததையோ அடைத்ததையோ காட்டுவன. ஈயத்தால் நஞ்சூட்டப்பட்டுச் செயலிழந்த மாற்றியை இவற்றுள் எதுவும் காட்டாது. அது உடைவதில்லை, அடைப்பதில்லை, ஒலிப்பதில்லை, வெறும் குழாயாகிவிடுகிறது. எனவே பட்டறைக்கு வந்து சேர்ந்த மாற்றிப் பழுது என்பது பெரும்பாலும் அடைப்பு ஒன்றே. அடைப்புக்குப் பட்டறை கண்ட தீர்வும் எளியது: கூட்டை அறுத்துத் தேன்கூட்டை உடைத்துக் கொட்டிவிட்டு வெற்றுக் கூட்டை மீண்டும் பற்றவைப்பது. கார் முன்னிலும் விரைந்து ஓடும், உரிமையாளர் மகிழ்வார். இதை ஒழுக்கக் குறைவு என்று மட்டும் விளக்குவது போதாது. புதிய மாற்றியின் விலை மிகுதி. பழுதால் ஏற்படும் தீங்கு உரிமையாளருக்கு நேர்வதன்று. மாற்றியின்றி ஓடும் காரைக் கண்டுபிடிக்கும் சோதனையும் இல்லை. இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் வேறு விளைவை எதிர்பார்ப்பதற்கில்லை.

அக்காலத்தில் எழுந்த மற்றொரு விவாதமும் இதனோடு தொடர்புடையது. ஈயத்தை நீக்கிய பெட்ரோலில் அதன் இடிப்புத் தாங்கும் திறனைக் காக்க அரோமாட்டிக் சேர்மங்களின் அளவு உயர்த்தப்படலாம். அவற்றுள் பென்சீன் புற்றுநோய் விளைவிப்பது. மாற்றி நன்கு இயங்கும் காரில் பென்சீனின் பெரும்பகுதி எரிந்துவிடும். மாற்றி இல்லாத அல்லது செயலிழந்த காரில் எரியாது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 1996-இல் வெளியிட்ட 'ஸ்லோ மர்டர்' அறிக்கை தில்லியின் வாகனப் புகையைப் பொதுமக்கள் பேசுபொருளாக்கிய காலம் அது. ஈயமற்ற பெட்ரோல் நன்மையா தீமையா என்ற விவாதத்தின் விடை, சாலையில் ஓடும் மாற்றிகளுள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதைச் சார்ந்தே நின்றது. அதை எண்ணிச் சொல்லும் ஏற்பாடு நடைமுறையில் இல்லை.

மூன்று விழுக்காட்டுச் சோதனை

சோதனையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 115-ஆவது விதி, ஓடும் வாகனங்களின் புகைக்கு வரம்பு விதித்தது. பெட்ரோல் நிலையங்களின் ஓரத்தில் சிறு கூண்டுகளில் நடக்கும் 'பொல்யூஷன்' சோதனை அவ்விதியின் வழி வந்ததே. நான்கு சக்கரப் பெட்ரோல் வாகனம் நின்ற நிலையில் இயங்கும்போது புகையில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் அளவுகோல்.

இந்த 3 விழுக்காடு மாற்றி இல்லாத கார்புரேட்டர் காருக்கு ஏற்ற வரம்பு. திருகைச் சற்றுக் குறைத்தால் எந்த மாற்றியும் இன்றி அதை எட்டலாம். நன்கு இயங்கும் மாற்றியுள்ள காரிலோ கார்பன் மோனாக்சைடு அரை விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். ஆகவே மாற்றி செத்த காரும், மாற்றியே கழற்றப்பட்ட காரும் 3 விழுக்காட்டு வரம்பைத் தடையின்றிக் கடந்து சான்றிதழ் பெற முடிந்தது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அச்சோதனை அளக்கவே இல்லை.

2004 அக்டோபர் 1 முதல் இவ்வரம்பு திருத்தப்பட்டது. பாரத் ஸ்டேஜ் 2 தரத்துக்கும் அதற்குப் பிந்தைய தரங்களுக்கும் உரிய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் பத்து இலட்சத்தில் 750 பங்கு என்று வகுக்கப்பட்டது. மாற்றி செத்திருந்தால் இவ்வரம்பில் தடுமாற வாய்ப்புண்டு. ஆனால் பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய கார்களுக்குப் பழைய 3 விழுக்காடே நீடித்தது. இதன் பொருளைக் கவனிக்க வேண்டும். 1995-க்கும் 2000-க்கும் இடையில் மாற்றியோடு விற்பனையான கார்கள், அதாவது நீதிமன்ற ஆணையின் நேரடிக் குழந்தைகள், தம் ஆயுள் முழுவதும் மாற்றி இயங்குகிறது என்று இச்சோதனையில் மெய்ப்பிக்க வேண்டிய தேவையே இன்றி ஓடி முடித்தன.

உணரியும் விளக்கும்

திருப்பம் மற்றொரு ஆணையால் வந்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் தேசியத் தலைநகர்ப் பகுதியில் யூரோ 2 தரத்தை 2000 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. 2001-இல் மற்ற மூன்று பெருநகரங்களும் அத்தரத்துக்கு வந்தன. கார்புரேட்டரால் அவ்வரம்பை எட்டுவது அரிது. எனவே பெட்ரோல் கார்கள் பல்முனை எரிபொருள் செலுத்து முறைக்கு மாறின. மாருதி 800 இம்மாற்றத்தை 2000-இல் கண்டது. உணரியும் கணினியும் வந்த பின்னரே, மாற்றிக்குத் தேவையான 14.7 என்ற விகிதம் இந்தியச் சிறு கார்களில் பரவலாகக் காக்கப்பட்டது. பெட்ரோலின் கந்தகமும் படிப்படியாக இறங்கியது: பாரத் ஸ்டேஜ் 2-இல் பத்து இலட்சத்தில் 500 பங்கு, 3-இல் 150, 4-இல் 50, 6-இல் 10.

பாரத் ஸ்டேஜ் 4 கார்களில் 2010 ஏப்ரல் முதல் வாகனத்துக்குள்ளேயே பழுது கண்டறியும் அமைப்பு, அதாவது ஓபிடி, கட்டாயமாயிற்று. அதன் முதல் நிலை மின்சுற்றுகள் அறுந்துள்ளனவா என்பதை மட்டுமே பெரும்பாலும் நோக்கியது. 2013 ஏப்ரலில் வந்த இரண்டாம் நிலையே மாற்றியின் செயல்திறனைத் தொடர்ந்து அளக்கவும், குறைந்தால் எஞ்சின் எச்சரிக்கை விளக்கை எரியவிடவும் பணித்தது. அமெரிக்காவில் 1996 மாடல்களிலேயே அத்தகைய ஏற்பாடு கட்டாயமாகிவிட்டது. அங்கும் கருவிக்கும் விளக்குக்கும் இடையே இருபது ஆண்டுகள் கடந்தன என்பது உண்மை. ஆனால் இந்தியா தொடங்கிய 1995-இல் விளக்கின் தொழில்நுட்பம் ஆயத்தமாக இருந்தது; அதை வாங்காமல் கருவியை மட்டும் வாங்கியது என்பதே வேறுபாடு.

பழுது எங்கே இருக்கிறது?

விளக்கு வந்த பின்னர்ப் பழுது காணும் முறையே மாறியது. மாற்றிக்கு முன் ஓர் உணரி, பின் ஓர் உணரி. முன் உணரியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விரைந்து ஏறி இறங்கும். நலமான மாற்றி ஆக்சிஜனைச் சேமித்து வைத்து வேண்டும்போது விடுவிப்பதால், பின் உணரியின் கோடு 0.6 அல்லது 0.7 வோல்ட்டை ஒட்டி அமைதியாக இருக்கும். பின் உணரியும் முன் உணரியைப் போலவே துள்ளத் தொடங்கினால், சேமிப்புத் திறன் போய்விட்டது என்று கணினி முடிவுசெய்து பி0420 என்ற குறியீட்டைப் பதிவு செய்யும்.

இக்குறியீட்டைக் கண்டவுடன் மாற்றியை மாற்றச் சொல்வது பட்டறைகளில் மிகப் பரவலான பிழை. குறியீடு சொல்வது செயல்திறன் குறைந்துள்ளது என்பதை மட்டுமே. ஏன் குறைந்தது என்பதை அன்று. தேர்ந்த மெக்கானிக் பின்பற்றும் வரிசை வேறு. முதலில், ஸ்கேனரில் வேறு குறியீடுகள் உள்ளனவா என்று பார்ப்பார். பி0300 முதல் பி0304 வரையிலானவை இருந்தால் எஞ்சினில் மிஸ்ஸிங் உள்ளது. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், எரிபொருள் செலுத்தி ஆகியவற்றைச் சரிசெய்யாமல் புதிய மாற்றி பொருத்தினால் அதுவும் வெந்துபோகும். அடுத்து, புகைக்குழாயின் இணைப்புகளில் கசிவு உண்டா என்று நோக்குவார். சிறு துளை வழியே புகும் வெளிக்காற்றும் பின் உணரியை ஏமாற்றும். பின்னர், கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற திருத்த அளவைக் காண்பார். அது பத்து விழுக்காட்டைத் தாண்டிப் போயிருந்தால் கலவையில் கோளாறு.

அதன்பின் எஞ்சினே ஆராயப்படும். ஆயில் அளவு அடிக்கடி குறைந்தால் தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியே ஆயில் எரிகிறது. அதிலுள்ள பாஸ்பரசும் துத்தநாகமும் மாற்றியின் பரப்பை மூடுகின்றன. குளிர்நீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகி, குளிர்விப்பானின் சேர்மங்கள் புகையில் கலக்கின்றன. அடைப்பு என்ற ஐயம் இருந்தால், முன் உணரியைக் கழற்றி அவ்விடத்தில் அழுத்த அளவியைப் பொருத்தலாம். நிமிடத்துக்கு 2500 சுழற்சியில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்டுக்கு மேல் பின்னழுத்தம் இருந்தால் வழி அடைந்துள்ளது. இவை அனைத்தும் முடிந்து, மூல காரணம் சரிசெய்யப்பட்டு, குறியீட்டை அழித்துச் சில நாள் ஓட்டிய பின்னும் அது திரும்பி வந்தால், அப்போதுதான் மாற்றியை மாற்ற வேண்டும்.

இவ்வரிசையின் உட்கருத்து ஒன்றே. மாற்றி தானாகப் பழுதாவது அரிது. அது அமைப்பின் கடைசியில் இருப்பதால், முன்னே நிகழும் ஒவ்வொரு பிழையும் அதன் மேல் வந்து படிகிறது. விளக்கு மாற்றியைச் சுட்டுகிறது. காரணமோ பெரும்பாலும் அதற்கு முன்னால் இருக்கிறது.

இன்றைய நிலை

விளக்கு வந்ததோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அதை ஏமாற்றும் வழிகளும் உடன் வந்தன. பின் உணரியைச் சிறு நீட்டுக் குழாயில் ஏற்றிப் புகையோட்டத்திலிருந்து விலக்கி வைத்தால், வெற்றுக் கூட்டையும் நலமான மாற்றி என்று கணினி நம்பும். சோதனைக் கூண்டுகளோ காரின் கணினியோடு பேசுவதில்லை. குழாயின் முனையில் மட்டுமே அளக்கின்றன. 2017 ஆகஸ்ட்டில் மேத்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், செல்லத்தக்க மாசுச் சான்று இன்றி வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்கக் கூடாது என்று ஆணையிட்டது. சான்று கட்டாயமாயிற்று, சான்று எதை அளக்கிறது என்ற கேள்வி அப்படியே இருந்தது. நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 வந்த 2020-க்குப் பின் மாற்றிகளின் பணி மேலும் கூடியது.

அரிய உலோகங்களின் விலையேற்றம் வேறொரு பக்கத்தைத் திறந்தது. 2021-இல் ரோடியத்தின் விலை அவுன்சுக்கு 25,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, குஜராத்திலும் தில்லியிலும் நிறுத்தியிருந்த வேன்களின் அடியிலிருந்து மாற்றிகள் அறுத்துச் செல்லப்பட்டன. செய்தித்தாள்கள் அவற்றைச் 'சைலன்சர் திருட்டு' என்றே எழுதின. கால் நூற்றாண்டு கட்டாயமாக இருந்த ஒரு கருவிக்குப் பொதுமொழியில் தனிப்பெயர்கூட நிலைபெறவில்லை என்பதற்கு அத்தலைப்புகளே சான்று. அதன் மதிப்பை முதலில் சரியாக உணர்ந்தவர்கள் பழைய இரும்பு வணிகர்களும் திருடர்களும் எனலாம்.

தொழில்நுட்பத்தின் வரலாற்றைப் புதுமைகளின் வரிசையாக எழுதாமல், பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறாக எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்ட்டன் 2006-இல் வெளிவந்த 'த ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூலில் வாதிட்டார். இந்திய மாற்றியின் கதை அவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆணைகளின் நாள்களை மட்டும் அடுக்கினால் 1995, 2000, 2010, 2020 என ஏறுமுகமான ஒரு கோடு கிடைக்கும். பட்டறைக்குள் நின்று நோக்கினால் வேறொரு வரலாறு தெரியும்: நகர எல்லையைத் தாண்டிய கார், ஈயம் நிரம்பிய தொட்டி, பற்றவைத்த வெற்றுக் கூடு, 3 விழுக்காட்டுச் சான்றிதழ்.

இவ்வரலாற்றுக்கான மூலங்கள் நீதிமன்ற ஆவணங்களில் பாதியே உள்ளன. மறுபாதி பட்டறைகளின் வேலைப் பதிவேடுகளிலும், சோதனைக் கூண்டுகளின் அச்சிட்ட தாள்களிலும், 1990-களில் வேலை செய்து இன்று முதுமையடைந்துள்ள மெக்கானிக்குகளின் நினைவிலும் உள்ளது. பதிவேடுகள் பழைய தாளாக எடைக்குப் போகின்றன. நினைவுகளை எழுதி வைப்போர் குறைவு. வாகனப் புகையின் வரலாற்றை ஆராயப் புகும் மாணவர்கள் தீர்ப்புத் தொகுதிகளோடு நிறுத்திவிடாமல் இவற்றையும் தேட வேண்டும். விதி பிறந்த நாளைச் சட்டநூல் சொல்லும். அவ்விதி ஒவ்வொரு காரிலும் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்பதை அதைக் கழற்றிப் பார்த்தவர்களே சொல்ல முடியும்.